"தவறான முடிவு" யாருடைய முடிவு?



பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளையொன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டால் நமது பத்திரிகைகள் எழுதும் வாசகம் ஒன்று இருக்கிறது: "தவறான முடிவெடுத்து மாணவி உயிரிழப்பு." கீழே நாலு வரிச் செய்தி. காதல் விவகாரம், தாய் ஏசியது, பரீட்சைப் பெறுபேறு, கைத்தொலைபேசியைப் பறித்தது என்று ஏதாவது ஒன்றைக் காரணமாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். சில வேளை பிள்ளையின் படத்தையும் போடுவார்கள். மறுநாள் வேறு செய்தி வந்துவிடும்.

இந்த வாசகத்தை நாம் ஏற்றுக்கொள்ள முடியாது. முடிவெடுத்தது பிள்ளை மட்டும்தான் என்று இது சொல்கிறது. மனம் விட்டுப் பேச அந்தப் பிள்ளையின் பாடசாலையில் ஓர் ஆளை நியமிக்காமல் விட்டதும் ஒரு முடிவுதானே? அதை எடுத்தவர் யார்? ஆலோசனை ஆசிரியர் என்று ஒருவருக்குப் பெயரை வைத்துவிட்டு, அவருடைய நேரசூசியில் ஒரு பாடவேளைகூட மிச்சம் விடாமல் நிரப்பியது யாருடைய முடிவு? பிரம்பைத் தடைசெய்து சுற்றுநிருபம் அனுப்பிவிட்டு, பிரம்பு இன்னும் மேசையில் கிடப்பதைப் பார்த்தும் பேசாமல் இருப்பது யாருடைய முடிவு? பிள்ளையின் முடிவைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் இந்த முடிவுகளைப் பற்றி எழுதட்டும்.

சம்பளம் பேசவேண்டிய சங்கம் இதை ஏன் பேசுகிறது என்று சிலர் கேட்பார்கள். நமது சம்பளம் யாருக்காக? நம் பிள்ளை லயத்தை விட்டு வெளியே போய் மனிதராக வாழ வேண்டும் என்றுதானே விடியற்காலையில் கூடையைத் தூக்குகிறோம். அந்தப் பிள்ளையே இல்லாமல் போனால் கூட்டு ஒப்பந்தத்தை வைத்து என்ன செய்வது?

இம்முறை கல்குடாவை முன்னால் வைத்துப் பேசுகிறோம். கொழுந்து பறிக்கும் மலைக்கும் கடலோரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பதுளையிலோ ஹட்டனிலோ இருக்கும் தோழர் நினைக்கலாம். 1977இலும் 1983இலும் வன்செயல்களில் அடித்து விரட்டப்பட்ட மலையகக் குடும்பங்கள் பல வடக்கிலும் கிழக்கிலும் போய்க் குடியேறின. மட்டக்களப்பு மாவட்டத்துக்கும் போனார்கள். அங்கே அவர்கள் தென்னை, மரமுந்திரி, நெல் வயல் என்று கிடைத்த கூலிக்கு இறங்கினார்கள். அந்த மண்ணின் மக்களும் நம்மைப் போலவே நாட்கூலியை நம்பியவர்கள்தான். கல்குடாக் கல்விவலயத்துப் பிள்ளையின் கதையையும் தோட்டத்துப் பிள்ளையின் கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டுக்கும் அதிக வித்தியாசம் தெரியாது.

வாகரைப் பக்கம் 2006ஆம் ஆண்டின் கடைசியிலும் 2007 ஜனவரியிலும் செல்லடிக்குள் ஓடிய சனம் இன்று தாய் தகப்பனாக இருக்கிறார்கள். அதற்கு முன்னால் 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. இன்று பாடசாலையில் இருக்கும் பிள்ளை போரையும் பார்க்கவில்லை, சுனாமியையும் பார்க்கவில்லை. ஆனால் இரவில் திடுக்கிட்டு எழும்பும் தகப்பனோடு அது வாழ்கிறது. வாழைச்சேனைக் காகித ஆலை ஒரு காலத்தில் எத்தனையோ வீட்டு அடுப்பை எரித்தது. அந்த வேலைகள் போன பிறகு பாசிக்குடாவில் ஹோட்டல்கள் எழும்பின. அங்கே சுற்றுலாப் பருவம் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் வீடு. தாய் மத்திய கிழக்கில், பிள்ளை அம்மம்மாவோடு. வாசலில் நுண்கடன்காரர். இது தோட்டத்திலும் நடக்கிறது. லயத்தில் பத்தடிக் காம்பராவுக்குள் ஆறு பேர் படுக்கும்போது, அழுவதற்குக்கூடப் பிள்ளைக்குத் தனி இடம் இல்லை.

இதையெல்லாம் விதி என்று சொல்லி விட்டுவிட முடியாது. அதற்கு நமது நாடே சாட்சி. 1995ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். உலகத்திலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. அந்த ஆண்டில் மிகக் கொடிய வகைப் பூச்சிகொல்லிகளைத் தடைசெய்தார்கள். 1998இல் இன்னொன்றைத் தடைசெய்தார்கள். 2008 தொடக்கம் 2011 வரை மேலும் மூன்று போயின. அவற்றில் ஒன்று நமது தோட்டங்களில் களைக்கு அடித்த மருந்து. விவசாயம் படுத்துவிடும் என்று அப்போது சொன்னவர்கள் இருந்தார்கள். நெல் விளைச்சல் குறையவில்லை. உயிரிழப்பு வீதமோ 20 ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. அந்த 20 ஆண்டுகளில் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

அந்த 93,000 பேரும் திடீரென்று "சரியான முடிவு" எடுக்கப் பழகிவிட்டார்களா? இல்லை. முடிவை அரசாங்கம் மாற்றியது, ஆட்கள் பிழைத்தார்கள். தாங்க முடியாத ஒரு நேரத்தைத் தாண்டிவிட்டால் பெரும்பாலானவர்கள் பிறகு வாழவே விரும்புகிறார்கள் என்பதையும் அந்தக் கணக்கு காட்டுகிறது. வேதனை நிற்க வேண்டும் என்றுதான் பிள்ளை கேட்கிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

அந்த ஆள் எங்கே இருக்க வேண்டும்? பிள்ளை தினமும் போகிற இடத்தில். நமது பிள்ளைகளுக்கு அது பாடசாலை ஒன்றுதான். நகரத்து வசதியான வீட்டுப் பிள்ளைக்குத் தனியார் டொக்டர் இருக்கிறார், கார் இருக்கிறது. வாகரைப் பிள்ளை வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்குப் போக முப்பது கிலோமீற்றரளவு பஸ்சில் போகவேண்டும். கூடப் போகும் தாய்க்கு அன்றைய கூலி இல்லை. தோட்டத்துப் பிள்ளைக்கும் டவுன் ஆஸ்பத்திரி கிளினிக் அப்படித்தான். பாடசாலையில் இல்லாத உதவி நமக்கு எங்கேயும் இல்லை.

"பாடசாலையில் ஏற்கனவே ஆலோசனை ஆசிரியர் இருக்கிறாரே, கருத்தரங்கும் வைக்கிறோமே" என்று அதிகாரிகள் பதில் சொல்வார்கள். கருத்தரங்கை நாமும் பார்த்திருக்கிறோம். பதாகை கட்டுவார்கள், மங்கள விளக்கு ஏற்றுவார்கள், அதிதிகள் பேசுவார்கள், பிள்ளைகள் வெயிலில் இருந்து கைதட்டுவார்கள், படம் எடுத்து வலயத்துக்கு அனுப்புவார்கள். அன்று கஷ்டத்தோடு வந்த பிள்ளை அதே கஷ்டத்தோடு வீட்டுக்குப் போகும். ஆசிரியர்களை நாம் குறைசொல்லவில்லை. நகரத்திலிருந்து காலை பஸ்சில் வந்து, இரண்டு பேர் வேலையைச் செய்து, பின்னேர பஸ்சைப் பிடிக்க ஓடுகிற ஆசிரியரிடம் இன்னொரு சுமையையும் ஏற்றுவது அநியாயம். கணக்குப் பாடத்தில் பிள்ளைக்குப் புள்ளி போடுகிறவரிடமே அந்தப் பிள்ளை தன் வீட்டு இரகசியத்தைச் சொல்லும் என்று எதிர்பார்ப்பதும் சரியில்லை.

இது வெறும் ஊகம் இல்லை. இந்தியாவின் மிக ஏழ்மையான மாநிலங்களில் ஒன்றான பீகாரில், நாளந்தா மாவட்டத்தின் 74 அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சில பள்ளிகளில் ஆசிரியரே மனநல வேலையையும் செய்தார். சில பள்ளிகளில் அந்த வேலைக்கென்றே பயிற்சி பெற்ற ஓர் ஆளைப் போட்டார்கள். அவர் டொக்டரும் இல்லை, ஆசிரியரும் இல்லை. பட்டம் படித்த உள்ளூர் ஆள். மூன்றாவது பிரிவில் வழமையான திட்டம் மட்டும் நடந்தது. முடிவு 2018ஆம் ஆண்டு வெளியானது. தனி ஆள் இருந்த பள்ளிகளில் பிள்ளைகளின் மனச்சோர்வு குறைந்தது, ஒருவரை ஒருவர் வதைப்பது குறைந்தது, அடிதடி குறைந்தது. ஆசிரியர் செய்த பள்ளிகளில் ஒரு மாற்றமும் இல்லை.

ஐரோப்பாவில் 10 நாடுகளில் 168 பாடசாலைகளில் 11,110 பிள்ளைகளிடம் நடந்த இன்னொரு ஆய்வு 2015இல் வெளியானது. ஒரு பிரிவில் ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு பிரிவில் பிள்ளைகளைப் பரிசோதித்து ஆபத்தில் உள்ளவர்களைப் பிரித்தெடுத்தார்கள். இன்னொரு பிரிவில் பிள்ளைகளோடேயே நாலு வாரத்தில் ஐந்து மணிநேரம் பேசினார்கள். மன அழுத்தம் என்றால் என்ன, சிநேகிதி கஷ்டத்தில் இருந்தால் என்ன செய்வது, யாரிடம் போவது என்று நடித்தும் கதைத்தும் பழகினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது உயிரை மாய்க்க முயன்ற பிள்ளைகளின் தொகை இந்தப் பிரிவில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. மற்ற இரண்டு பிரிவுகளிலும் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை.

தோழர்களே, இதில் பாடம் தெளிவாக இருக்கிறது. பிள்ளைகளோடு நேரடியாகப் பேச வேண்டும். அதற்கென்று ஓர் ஆள் பாடசாலைக்குள் இருக்க வேண்டும். அந்த ஆள் நம் ஊர் ஆளாகவே இருக்கலாம்.

மட்டக்களப்புக்கு இது புதிது இல்லை. 1996இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, மட்டக்களப்பு நகரில் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாவைச் சேர்ந்த போல் ஹோகனும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளையும் முஸ்லிம் பிள்ளைகளையும் ஊர்களிலிருந்து பஸ்சில் கூட்டிவந்து வரையவும் மண்ணில் செய்யவும் கதை சொல்லவும் நடிக்கவும் விட்டார்கள். பிள்ளைகளோடு கூட இருந்தவர்கள் அந்தப் பகுதியின் தமிழ், முஸ்லிம் இளைஞர்கள். போர்க்காலத்தில் மட்டக்களப்பில் மனநல வைத்தியராக வேலை செய்த மகேசன் கணேசனும் ஆஸ்பத்திரிச் சுவருக்குள் மட்டும் நிற்காமல், ஊர் மட்டத்தில் ஆட்களைப் பழக்கிச் சேவையை வெளியே கொண்டுபோனார். ஷெல் விழுந்த காலத்தில் செய்ய முடிந்ததை இப்போது செய்ய முடியாதாம்! யார் நம்புவது?

"காசு இல்லை" என்பார்கள். பீகாரிடம் நம்மைவிட அதிகம் காசு இருந்ததா? உயர்தரம் படித்துவிட்டும் பட்டம் எடுத்துவிட்டும் வேலையில்லாமல் இருக்கும் இளைஞர்களும் யுவதிகளும் வாழைச்சேனையிலும் இருக்கிறார்கள், தலவாக்கலையிலும் இருக்கிறார்கள். 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்கும் காசு இல்லை என்றுதான் வருடக்கணக்கில் சொன்னார்கள். 2021 மார்ச்சில் அது வர்த்தமானியில் வந்தது. கேட்டுக் கேட்டுத்தான் வந்தது.

"இதைப் பற்றிப் பேசினால் இல்லாத எண்ணம் பிள்ளைக்கு வந்துவிடும்" என்பார்கள். நமது பெரியவர்களும் இப்படிப் பயப்படுகிறார்கள். மேலே சொன்ன ஐரோப்பிய ஆய்வில் நேரடியாகப் பேசிய பிள்ளைகளிடம்தான் ஆபத்து குறைந்தது. "உனக்கு வாழவே பிடிக்காத மாதிரி இருக்குதா, மகள்?" என்று அன்போடு கேட்பதால் எண்ணம் முளைக்காது. அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவரும் இல்லாததுதான் ஆபத்து. சாவை வீரம்போல் காட்டுவதும், எப்படிச் செய்தது என்று விபரமாக எழுதுவதும்தான் கெடுதல். அதைச் செய்வது பத்திரிகையும் முகநூலும்.

"குடும்ப மானம் போய்விடும், பொலிஸ் கேஸ் வரும்" என்று சொல்லி, முயற்சி செய்து பிழைத்த பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் மறைக்கிறவர்களும் உண்டு. எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்: உயிரை மாய்க்க முயல்வது இலங்கையில் 1998ஆம் ஆண்டிலிருந்து குற்றம் இல்லை. அந்தச் சட்டப் பிரிவை நீக்கிவிட்டார்கள். பயப்படாமல் உடனே கொண்டுபோங்கள். உடம்பு தேறியதும் கூட்டிவந்துவிடாமல், மனநலப் பிரிவிலும் காட்டிவிட்டு வாருங்கள்.

பிரம்பைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2005/17 சுற்றுநிருபம் 2005ஆம் ஆண்டிலேயே சொன்னது. வகுப்பின் முன்னால் முழங்காலில் நிற்க வைக்கப்பட்ட, அப்பனின் குடியைச் சொல்லி ஏசப்பட்ட பிள்ளை, பிறகு எந்த ஆலோசனை அறைக்குள்ளும் போகாது. அடிக்கிற கையும் அணைக்கிற கையும் ஒன்றாக இருந்தால் பிள்ளை எதை நம்பும்?

பெறுபேறு வரும் நாளும் அப்படித்தான். க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் போனால் பிள்ளையின் வாழ்க்கையே போனதுபோல் ஊரே பேசுகிறது. ஒன்பது 'ஏ' எடுத்த பிள்ளைக்கு மாலை, தவறிய பிள்ளைக்கு இருட்டு. தமிழ்நாட்டில், தவறிய பிள்ளைகள் ஒரு வருடம் காத்திராமல் சில கிழமைகளிலேயே துணைத் தேர்வு எழுத வழி செய்திருக்கிறார்கள். சென்னையில் 1986இல் தொடங்கிய சினேகா நிறுவனம் பரீட்சை முடிவு நாட்களில் அதிக நேரம் தொலைபேசியில் இருந்து பிள்ளைகளோடு பேசுகிறது. இங்கே அந்த நாளில் தவறிய பிள்ளையின் வீட்டுப் படலையை யார் தட்டுகிறார்கள்?

ஆகவே நாம் வலயக் கல்விப் பணிப்பாளர்களிடமும் மாகாணக் கல்வித் திணைக்களங்களிடமும் கல்வி அமைச்சிடமும் தோட்ட நிர்வாகங்களிடமும் கேட்பது இவை:

1. கல்குடா வலயத்திலும் தோட்டப் பகுதிகளிலும் தரம் 6க்கு மேல் உள்ள ஒவ்வொரு பாடசாலைக்கும், பாடம் எடுக்காத முழுநேர உளவளத்துணை உதவியாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். அவர் அந்தப் பகுதி ஆளாக இருக்க வேண்டும். முறையான பயிற்சியும், மனநலப் பிரிவின் மேற்பார்வையும், மாதச் சம்பளமும் வேண்டும். "தொண்டர்" என்று பெயர் வைத்துச் சும்மா வேலை வாங்குவதை இந்தச் சங்கம் ஒருபோதும் ஏற்காது.

2. தரம் 9, 10 பிள்ளைகளோடு ஒவ்வொரு வருடமும் வகுப்பு வகுப்பாக, பேச்சுத் தமிழில், உரையாடல் நடத்த வேண்டும். அதிதியும் வேண்டாம், பதாகையும் வேண்டாம்.

3. ஆபத்தில் உள்ள பிள்ளையைப் பாடசாலையிலிருந்து வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போக வாகனமும் கூடச் செல்ல ஓர் ஆளும் வேண்டும். கூடப் போகும் தாய்க்கு அன்றைய பெயரைத் தோட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும்.

4. பெறுபேறு வரும் நாளிலேயே தவறிய பிள்ளைகளின் வீடுகளுக்கு ஆள் போக வேண்டும். அடுத்த பரீட்சைக்கும் தொழிற்பயிற்சிக்கும் வழி சொல்ல வேண்டும்.

5. உடல் தண்டனைத் தடை ஒவ்வொரு பாடசாலையிலும் நடைமுறையில் இருக்க வேண்டும்.

6. தோட்டத்து மருந்துகள் நிர்வாகத்தின் பூட்டிய களஞ்சியத்தில் இருக்க வேண்டும். ஒரு போத்தல்கூட லயத்துக்கு வரக்கூடாது.

நியமனம் வரும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. பிள்ளை திடீரென்று ஒதுங்கினால், சாப்பாட்டையும் நித்திரையையும் விட்டால், பிடித்த பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுத்தால், "நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி" என்று சொன்னால், உடம்பில் தானே ஏற்படுத்திய காயத்தை மறைத்தால், விளையாட்டு என்று தள்ளிவிடாதீர்கள். ஏசாதீர்கள். புத்தி சொல்லுமுன் காது கொடுங்கள். தனியே விடாதீர்கள். வீட்டில் உள்ள மருந்து மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. இரண்டையும் பிள்ளையின் கொப்பி மட்டையில் எழுதிக் கொடுங்கள்.

இதை வாசிக்கிற பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு இருக்கிற கஷ்டம் உங்கள் பிழை இல்லை. அதை ஒருவரிடம் சொல்வது காட்டிக்கொடுப்பதும் இல்லை. சிநேகிதி "யாரிடமும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கியிருந்தாலும், அவள் உயிர் சம்பந்தப்பட்டதென்றால் சத்தியத்தை மீறி ஒரு பெரியவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கவில்லையென்றால் இன்னொருவரிடம் சொல்லுங்கள்.

கிளைத் தலைவர்மாரும் மாதர் தலைவிகளும் அடுத்த மாதக் கிளைக் கூட்டத்தில் இந்த ஆறு கோரிக்கைகளையும் வாசித்துத் தீர்மானமாக்க வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குத் தாய் தகப்பன்மார் எல்லோரும் போங்கள். போய், "எங்கள் பிள்ளைகளோடு பேச இந்தப் பாடசாலையில் யார் இருக்கிறார்?" என்று ஒரே ஒரு கேள்வியை எழும்பி நின்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை உட்காராதீர்கள்.